‘கையைக் கொடு’: யூத மரபில் நட்பும் ஒற்றுமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத சமயத்தைப் பற்றித் தமிழில் பேச்சு எழுந்தால் அது ஓய்வுநாள், உணவு விதிகள், இஸ்ரேல் அரசியல் என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றி வரும். அந்த மரபின் நூல்களைப் படிக்கத் தொடங்கியபோது என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இரண்டு பேர் ஒரு மேசையின் இருபுறமும் உட்கார்ந்து உரக்க வாதாடுவதை அவர்கள் வழிபாடாகவே கருதுகிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டங்கள் நிறைந்த சமயத்தில் நட்புக்கு என்ன இடம்?

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் ‘பிர்கே அவோத்’ என்றொரு பகுதி உண்டு. முன்னோர் சொன்ன அறமொழிகள் அதில் இருக்கின்றன. யெஹோஷுவா பென் பெரஹ்யா என்ற ஆசான் அங்கே சொல்கிறார்: “உனக்கொரு குருவை ஏற்படுத்திக்கொள். உனக்கொரு நண்பனை வாங்கிக்கொள். எந்த மனிதரையும் நல்ல பக்கம் சாய்த்தே எடைபோடு.” மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் நிலைக்காது என்று எனக்குப் படுகிறது. குற்றம் மட்டுமே பார்க்கிறவனுக்குக் குருவும் தங்கமாட்டார், நண்பனும் தங்கமாட்டான்.

வழிபாட்டிலும் இதே போக்குதான். யோம் கிப்பூர் நோன்பு நாளில் சொல்லும் பாவ அறிக்கை, “நான் தவறினேன்” என்று தொடங்குவதில்லை. “நாங்கள் தவறினோம்” என்றே தொடங்குகிறது. கலிலேயா மலைமேல் இருக்கும் சஃபேத் நகரில் வாழ்ந்த ஞானி இசாக் லூரியா (1534–1572) தம் சீடர்களுக்கு ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். காலைத் தொழுகைக்கு வாய் திறக்கும் முன், “உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற கட்டளையை என்மேல் ஏற்கிறேன்” என்று மனத்தில் இருத்த வேண்டும். கூட்டத்தில் ஒருவர் நோயுற்றிருந்தால் மற்றவர்கள் தங்கள் உடலின் ஓர் உறுப்பு நோவதாக எண்ணி வேண்ட வேண்டும். பல தொழுகை நூல்களில் அந்த வரி இன்றும் முதல் பக்கங்களில் அச்சாகிறது.

நண்பனை ‘வாங்குவது’ என்றால் என்ன? விலைக்கா?

ஆம், விலை உண்டு. நேரம், பொறுமை, சில வேளை பணமும். ‘குருவை ஏற்படுத்திக்கொள்’ என்னும் இடத்தில் ஒரு வினை, நண்பனுக்கு வேறொரு வினை: ‘க்நே’. நிலம் வாங்கவும் அதே சொல்தான். இதற்கு உரை எழுதிய யூதத் தத்துவ, சட்ட அறிஞர் மைமோனிடெஸ் (இறப்பு 1204) நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயனுக்கான நட்பு, இன்பத்துக்கான நட்பு, உயர்வுக்கான நட்பு. அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த பகுப்பு இது. மூன்றாவது வகையில் இருவரும் ஒரே நன்மையை நாடுகிறார்கள்; அதை அடைய ஒருவர் மற்றவரின் துணையைத் தேடுகிறார்கள். நேசிக்கும்போது உன் அளவுகோலால் நேசிக்காதே, அவன் இயல்புக்கு ஏற்ப நேசி என்றும் அவர் சொல்கிறார். எனக்குப் பிடித்ததை நண்பனுக்குக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்த்த நாட்கள் எல்லாம் அந்த வரியைப் படித்தபோது நினைவுக்கு வந்தன.

‘ஹவ்ருதா’ என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறதே?

இருவர் சேர்ந்து படிக்கும் முறை அது. யெஷிவா எனப்படும் தோரா (யூத மறைநூல்) கல்விக்கூடத்துக்குள் முதல்முறை நுழைபவர் சந்தைக்குள் வந்துவிட்டோமோ என்று திகைப்பார். நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை உரக்க வாசித்து, “இல்லை, நீ சொல்வது இந்த வரிக்குப் பொருந்தாது” என்று மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். நம் நூலக அமைதி அங்கே கிடையாது. “இரும்பை இரும்பு கூர்மையாக்கும்” என்னும் நீதிமொழி வசனத்தைக் காட்டி, படிக்கும் இருவர் ஒருவரை ஒருவர் தீட்டுகிறார்கள் என்கிறது தல்மூத் (மிஷ்னாவும் அதைச் சுற்றி எழுந்த அறிஞர்களின் வாதங்களும் சேர்ந்த பெருந்தொகுப்பு). அதே பக்கத்தில் இன்னொரு வாக்கும் உண்டு: “என் ஆசான்களிடம் நிறையக் கற்றேன், என் தோழர்களிடம் அதைவிட அதிகம், என் மாணவர்களிடம் எல்லாரையும்விட அதிகம்.”

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு துயரக் கதையும் இருக்கிறது. தரையில் வட்டம் வரைந்து, மழை பெய்யும்வரை அதைவிட்டு நகரமாட்டேன் என்று நின்று வேண்டுபவர் ஹோனி. அவர் ஒருமுறை உறங்கி எழுபது ஆண்டு கழித்து எழுந்தார். கல்விக்கூடத்துக்குப் போனார். “ஹோனியின் காலத்தில் விளங்கியதுபோல் இன்று இந்தப் பாடம் விளங்குகிறது” என்று அறிஞர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “அந்த ஹோனி நான்தான்” என்றார். யாரும் நம்பவில்லை, உரிய மதிப்பும் தரவில்லை. மனமுடைந்து, சாவை வேண்டி, இறந்தார். பெயர் நிலைத்திருந்தது, பாடம் நிலைத்திருந்தது, எதிரே உட்கார ஆள்தான் இல்லை. இதைக் கேட்ட ரவா என்ற ஆசான், மக்கள் வழங்கும் மொழி ஒன்றை நினைவுகூர்ந்தார்: “ஓ ஹவ்ருதா, ஓ மிதுதா.” தோழமை, இல்லையேல் சாவு.

யூத மரபில் புகழ்பெற்ற நண்பர்கள் யார்?

தாவீதும் யோனத்தானும் என்பார்கள். பிர்கே அவோத்தும் காரணத்தைச் சார்ந்திராத அன்புக்கு அவர்களையே காட்டுகிறது. யோனத்தான் சவுல் மன்னனின் மகன். தாவீது உயர்ந்தால் அவனுக்குக் கிடைக்க வேண்டிய அரியணை போய்விடும். அது தெரிந்தே தன் மேலாடையையும் வாளையும் வில்லையும் கச்சையையும் கழற்றி நண்பனுக்குக் கொடுத்தான். இதற்கு மேல் அந்த நட்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு நெருக்கமானவர்கள் வேறு இருவர். மூன்றாம் நூற்றாண்டில், திபேரியாவில் கல்விக்கூடம் நடத்திய ரபி (யூத சமய ஆசான்) யோஹனானும் ரேஷ் லகிஷும்.

ரேஷ் லகிஷ் கொள்ளைக்காரர். யோர்தான் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த யோஹனானைப் பார்த்துத் தண்ணீரில் குதித்தார். யோஹனான் அஞ்சவில்லை. “உன் வலிமை தோராவுக்கு ஆகட்டும்” என்றார். “உன் அழகு பெண்களுக்கு ஆகட்டும்” என்றார் கொள்ளைக்காரர். “திருந்தி வா. என்னிலும் அழகியான என் தங்கையை உனக்குக் கட்டிவைக்கிறேன்.” வந்தார். யோஹனான் அவருக்கு மறைநூலும் மிஷ்னாவும் கற்றுக்கொடுத்து, பெரிய அறிஞராக்கினார். மாப்பிள்ளையும் மச்சானுமாக, ஆசானும் மாணவனுமாகத் தொடங்கி, கடைசியில் ஒருவர் இல்லாமல் மற்றவர் சிந்திக்க முடியாத ஹவ்ருதா ஆனார்கள்.

ஒருநாள் கல்விக்கூடத்தில் ஒரு கேள்வி வந்தது. வாள், கத்தி, ஈட்டி போன்றவை எந்தக் கட்டத்தில் ‘செய்து முடிந்த பொருள்’ ஆகித் தீட்டுக்கு உட்படும்? உலையில் காய்ச்சியதும் என்றார் யோஹனான். தண்ணீரில் தோய்த்த பிறகு என்றார் ரேஷ் லகிஷ். வாதத்தின் சூட்டில் யோஹனான் சொல்லிவிட்டார்: “கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா!”

அந்த ஒரு வரியில் எல்லாம் முறிந்தது. “எனக்கு என்ன நன்மை செய்தாய்? அங்கேயும் என்னைத் தலைவன் என்றார்கள், இங்கேயும் தலைவன் என்கிறார்கள்” என்றார் ரேஷ் லகிஷ். “இறைவனின் சிறகடியில் உன்னைக் கொண்டுவந்தேனே” என்றார் மற்றவர். இருவரும் இறங்கிவரவில்லை. ரேஷ் லகிஷ் நோயுற்றார். தங்கை அண்ணனிடம் வந்து அழுதாள். அவர் மனம் இளகவில்லை. ரேஷ் லகிஷ் இறந்துபோனார்.

பிறகு யோஹனானால் தாங்க முடியவில்லை. அவரைத் தேற்ற, கூர்மதி படைத்த ரபி எலெயாசர் பென் பெதாத்தை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும், “தாங்கள் சொல்வதற்கு ஆதாரமாக இன்ன வாக்கு இருக்கிறது” என்றார் அவர். யோஹனான் வெடித்தார்: “நீ லகிஷின் மகனுக்கு (ரேஷ் லகிஷுக்கு) ஈடா? நான் ஒன்று சொன்னால் அவன் 24 மறுப்பு எழுப்புவான். நான் 24 விடை சொல்வேன். பொருள் தானாகத் தெளியும். நீயோ ‘தாங்கள் சொன்னது சரி’ என்கிறாய். சரியாகச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியாதா?” உடையைக் கிழித்துக்கொண்டு, “லகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?” என்று கதறியபடி திரிந்தார். அறிவு தடுமாறியது. அறிஞர்கள் அவருக்காக இரக்கம் வேண்டினார்கள், அவரும் இறந்தார்.

அப்படியானால் தவறு யோஹனான் மேல்தானே? தல்மூத் அதைச் சொல்கிறதா?

நேராகச் சொல்லவில்லை. இந்தக் கதை இருப்பது ‘பாவா மெத்சியா’ என்ற நூலில். அதே நூலின் நான்காம் அதிகாரத்தில் சொல்லால் புண்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் வருகிறது. அங்கே தரும் எடுத்துக்காட்டு இது: திருந்தி வந்தவனிடம் ‘உன் பழைய செயல்களை நினைத்துப் பார்’ என்று சொல்லக்கூடாது. சட்டத்தை ஓரிடத்திலும், அதை மீறிய ஆசானின் அழிவை இன்னோரிடத்திலும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலை நம்முடையது.

மறுப்புச் சொல்கிறவனே நண்பன் என்ற எண்ணம் இந்தக் கதையிலிருந்துதான் எனக்கு வந்தது. ஆனால் மறுப்பதற்கும் குத்துவதற்கும் இடையே ஒரே ஒரு வாக்கியம்தான் தூரம் என்பதையும் அதே கதை காட்டுகிறது.

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே கருத்தில் இருப்பதா?

யூத மரபு அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. முதல் நூற்றாண்டில் ஹில்லேல் பள்ளி, ஷம்மாய் பள்ளி என்று இரண்டு இருந்தன. திருமணம், மணவிலக்கு, தூய்மை, தொழுகை என எதிலும் அவர்களுக்குள் கருத்து மாறுபாடு. ஒருவர் செல்லாது என்ற திருமணத்தை மற்றவர் செல்லும் என்பார். அது பிறக்கும் குழந்தைகளின் தகுதியையே பாதிக்கும். இருந்தும் ஒரு பள்ளியார் மறுபள்ளியில் பெண் எடுப்பதையும் கொடுப்பதையும் நிறுத்தவில்லை என்று மிஷ்னா பதிவு செய்கிறது. எப்படி முடிந்தது? “இந்த வரன் உங்கள் விதிப்படி சிக்கலானது” என்று ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். தன் விதியை நம்பாதவனின் விதியையும் நினைவில் வைத்திருந்து அவனைக் காப்பாற்றுவது! ஒற்றுமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

மூன்று ஆண்டு வாதத்துக்குப் பிறகு வானிலிருந்து ஒரு குரல் வந்ததாகத் தல்மூத் சொல்கிறது: “இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் சொற்களே, நடைமுறைச் சட்டம் ஹில்லேல் பள்ளியின்படி.” ஏன் அவர்களுக்கு அந்த வாய்ப்பு? அவர்கள் இனியவர்கள், பொறுமையானவர்கள். தங்கள் கருத்தைக் கற்பிக்கும் முன் ஷம்மாய் பள்ளியின் கருத்தைச் சொல்வார்கள்.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வாளும் ஈட்டியுமாக நின்று எதிர்ப்பள்ளியாரைத் தடுத்த ஒரு கறுப்பு நாளையும் தல்மூத்தின் இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூத் மறைக்காமல் சொல்கிறது. பிர்கே அவோத் வாதங்களை இரண்டாகப் பிரிக்கிறது. விண்ணுக்காக நடக்கும் வாதத்துக்கு ஹில்லேலும் ஷம்மாயும் சான்று. மற்றதற்கு, மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகும் அவன் கூட்டமும் சான்று.

எல்லா ஒற்றுமையும் நல்லதா?

இல்லை. பாபேல் கோபுரம் கட்டியவர்கள் ஒரே மொழி, ஒரே நோக்கம் உடையவர்கள். அவர்களுக்குள் அன்பு இருந்ததால்தான் வெள்ளத்தில் அழிந்த தலைமுறையைப்போல் அழியாமல் சிதறடிக்கப்பட்டதோடு தப்பினார்கள் என்று ஒரு மித்ராஷ் (மறைநூல் வசனங்களை விரித்துச் சொல்லும் பழைய உரை) பரிந்து பேசுகிறது. இன்னொரு பழைய நூல் அப்படி விடவில்லை. கோபுரத்திலிருந்து ஆள் விழுந்து செத்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு செங்கல் விழுந்தால் உட்கார்ந்து அழுதார்கள், இன்னொன்று எப்போது மேலே வரும் என்று. மனிதரைவிடச் செங்கல் பெரிதாகும் இடத்தில் ஒற்றுமையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

எருசலேம் ஆலயம் வெறுப்பினால் இடிந்தது என்கிறார்களே?

கி.பி. 70-இல் உரோமப் படை இரண்டாம் ஆலயத்தை அழித்தது. படையெடுப்பின் வரலாற்றை யூதர்கள் நன்கு அறிவார்கள். ஆனாலும் ‘நாம் என்ன தவறினோம்’ என்று கேட்டு, தல்மூத் தரும் விடை, ‘சினாத் ஹினாம்’, அதாவது காரணமற்ற வெறுப்பு. அந்தக் காலத்தவர் தோரா படித்தார்கள், கட்டளைகளைக் கைக்கொண்டார்கள், அறம் செய்தார்கள். வெறுப்பு மட்டும் போகவில்லை.

இதற்குச் சொல்லப்படும் கதை ஒரு விருந்தில் நடக்கிறது. எருசலேமில் ஒருவருக்கு கம்சா என்று ஒரு நண்பர், பர் கம்சா என்று ஒரு பகைவர். விருந்துக்கு கம்சாவை அழைத்து வரச் சொன்னார். வேலையாள் பர் கம்சாவைக் கூட்டி வந்துவிட்டான். வீட்டுக்காரர் பார்த்தார். “எழுந்து போ.” வந்தவர் கெஞ்சினார்: “வந்தது வந்துவிட்டேன். என்னை விட்டுவிடுங்கள், நான் உண்பதற்குப் பணம் தருகிறேன்.” முடியாது. “விருந்தின் பாதிச் செலவைத் தருகிறேன்.” முடியாது. “முழுச் செலவையும் தருகிறேன்.” கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்.

பர் கம்சா வீட்டுக்காரரை மட்டும் நொந்துகொள்ளவில்லை. “அறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. அப்படியானால் அவர்களுக்கும் இது சம்மதமே” என்றார். நேரே போய் உரோம ஆட்சியாளரிடம் யூதர்கள் கலகம் செய்வதாகச் சொல்லிவிட்டார். அழிவு அங்கிருந்து தொடங்கியது. விருந்து கொடுத்தவரின் பெயரைக் கதை சொல்லவேயில்லை. அந்தக் கூடத்தில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்களையே நான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். இலை போட்டுப் பரிமாறிய பந்தியிலிருந்து ஒருவரை எழுப்பிவிடுவது எத்தகைய அவமானம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாலஸ்தீனத்தின் தலைமை ரபியாக இருந்த அவ்ரஹாம் கூக் (1865–1935) இதைத் திருப்பிப்போட்டார்: காரணமற்ற வெறுப்பால் இடிந்தோம் என்றால் காரணமற்ற அன்பால்தான் மீண்டும் கட்டப்படுவோம்.

ரபி அகிவாவின் 24,000 சீடர்கள் கதை?

அவர்கள் ‘12,000 இணைகள்’ என்கிறது தல்மூத். அதாவது 24,000 தனியர்கள் இல்லை, ஹவ்ருதாக்கள். ஒருவரையொருவர் மதிக்காததால் பஸ்கா பண்டிகைக்கும் ஷாவுவோத் பண்டிகைக்கும் இடையே எல்லாரும் இறந்தார்கள். “உன்னைப்போல் பிறனையும் நேசி என்பதே தோராவின் பெரிய விதி” என்று கற்பித்தவரின் சீடர்களுக்கே இந்த முடிவு. அந்த வாரங்களில் இன்றும் பலர் திருமணம் நடத்துவதில்லை, முடி வெட்டிக்கொள்வதில்லை.

தொழுகைக்கு ஏன் பத்துப் பேர் வேண்டும்?

அந்தப் பத்துப் பேர் குழுவுக்கு ‘மின்யான்’ என்று பெயர். பத்துப் பேர் கூடாமல் கதீஷ் என்னும் இறைபுகழ்ச்சி போன்ற சில வேண்டுதல்களைச் சொல்ல முடியாது. பழைய விதிகளை இறுகப் பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகள் 13 வயது நிறைந்த ஆண்களையே எண்ணும். ரிஃபார்ம் சபைகளிலும் பெரும்பாலான கன்சர்வேடிவ் சபைகளிலும் பெண்களும் உண்டு. ஒன்பது ரபிகள் கூடினாலும் மின்யான் ஆகாது, பத்துச் செருப்புத் தைப்பவர்கள் கூடினால் ஆகும் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியின் பழமொழி.

பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் வியப்பு. கானான் நாட்டை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் வந்து மக்களை அச்சுறுத்திக் கெடுத்தார்கள். “இந்தப் பொல்லாத சபையாரை எதுவரைக்கும் பொறுப்பேன்?” என்று கடவுள் சினந்தார். ‘சபை’ என்றால் பத்துப் பேர் என்ற கணக்கு அந்த வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது. புனிதக் கூட்டத்துக்கு அளவுகோல், தவறிழைத்த கூட்டம்!

அப்படியானால் தவறு செய்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

ஆலயத்தில் ஏற்றிய தூபத்தில் பதினொரு பொருட்கள். அவற்றில் கல்பான் என்னும் பிசின் நாற்றமடிப்பது. அது இல்லாமல் தூபம் செல்லாது. “பாவிகள் கலந்துகொள்ளாத நோன்பு நோன்பே அல்ல” என்று தல்மூத் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. யோம் கிப்பூர் இரவு தொடங்கும்போது, “தவறியவர்களோடு சேர்ந்து வேண்ட அனுமதி பெறுகிறோம்” என்று உரக்க அறிவித்துவிட்டே தொழுகையைத் தொடங்குகிறார்கள்.

கூடாரப் பண்டிகையில் நான்கு தாவரங்களைச் சேர்த்துப் பிடிப்பார்கள். நார்த்தங்காய் இனத்து எத்ரோக்கில் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சையில் சுவை மட்டும். மிருதுச்செடியில் மணம் மட்டும். ஆற்றலரியில் இரண்டும் இல்லை. சுவை கல்வி, மணம் நற்செயல் என்கிறது மித்ராஷ். இரண்டும் இல்லாதவரை என்ன செய்வது? “எல்லாரும் ஒரே கட்டாகட்டும், ஒருவர் குறையை ஒருவர் ஈடுசெய்யட்டும்” என்கிறார் கடவுள். ஆற்றலரியை விட்டுவிட்டால் சடங்கு நிறைவேறாது.

அன்பைக் கட்டளையிட முடியுமா? மனம் வரவேண்டாமா?

நியாயமான கேள்வி. லேவியராகமம் 19-இல் அந்தக் கட்டளை தனியாக வரவில்லை. உள்ளத்தில் வெறுக்காதே, தவறைக் கண்டால் கடிந்து சொல், பழிவாங்காதே, மனத்தாங்கல் வைக்காதே. இவற்றின் முடிவில்தான் நேசி என்று வருகிறது. பழிக்கும் மனத்தாங்கலுக்கும் என்ன வேறுபாடு? தல்மூத் அதை அண்டை வீட்டு அளவில் விளக்குகிறது. “அரிவாளைக் கொடு” என்று கேட்டேன், அவன் தரவில்லை. மறுநாள் அவன் கோடாரி கேட்டான். “நீ தரவில்லை, நானும் தரமாட்டேன்” என்றால் அது பழி. “இந்தா எடுத்துக்கொள், நான் உன்னைப்போல் இல்லை” என்றால் அது மனத்தாங்கல். இரண்டாவதுதான் கடினமானது. கொடுத்தும் குத்துகிற பழக்கம் நல்லவர்களிடமே அதிகம்.

சாஸோவ் ஊர் ரபி மோஷே லேப் (1745–1807) என்ற ஹசீதிய (கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த யூத பக்தி இயக்கத்து) ஆசான், அன்பைத் தாம் ஒரு குடியானவனிடம் கற்றதாகச் சொல்வார். மதுக்கடையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்: “உனக்கு என்மேல் பிரியம் உண்டா?” “நிறைய உண்டு.” “எனக்கு எது வலிக்கிறது, தெரியுமா?” “அது எனக்கெப்படித் தெரியும்?” “தெரியாவிட்டால் பிரியம் என்று எப்படிச் சொல்கிறாய்?”

இந்த அன்பு யூதர்களுக்குள் மட்டும்தானா?

‘பிறன்’ என்ற சொல்லைச் சக இஸ்ரவேலர் என்று குறுக்கிப் படித்த உரைகள் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் அதே அதிகாரம் சற்றுத் தள்ளி, உங்களிடையே வாழும் அந்நியரையும் உங்களைப்போல் நேசியுங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்கிறது. பென் அஸ்ஸாய் என்ற ஆசான் அகிவாவோடு மாறுபட்டு, ஆதாமின் வம்ச வரலாற்றைச் சொல்லும் வசனமே இதைவிடப் பெரிய விதி என்றார். எல்லாரும் ஒரே மனிதனின் வழி. ‘என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன்’ என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே முதல் மனிதன் ஒருவனாகப் படைக்கப்பட்டான் என்கிறது மிஷ்னா. யூதரல்லாத ஏழைகளுக்கு உதவுவது, அவர்களில் நோயுற்றவர்களைப் போய்ப் பார்ப்பது, இறந்தவர்களை அடக்கம் செய்வது ஆகியவையும் ‘அமைதியின் வழிகள்’ என்று தல்மூத்தில் விதிக்கப்பட்டுள்ளன.

சொன்னபடி எல்லாரும் நடந்தார்களா?

நடக்கவில்லை. நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்கு மற்றவர்களோடு சமமாக உட்காரவும் தோரா வாசிக்கவும் உரிமை இல்லாதிருந்தது. மிகச் சிறிய ஒரு சமூகத்தில் இந்தப் பிரிவு. அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) அந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் மெல்ல மெல்ல நீங்கின. ‘யூத காந்தி’ என்று அவரை அழைத்தார்கள். பத்துப் பேர் சேராவிட்டால் தொழுகையே இல்லை என்னும் மரபில், இருந்தவர்களைத் தரையில் உட்கார வைத்தார்கள் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

நண்பனைப் புண்படுத்திவிட்டால் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டால் போதாதா?

போதாது. கடவுளுக்கு எதிரான பாவத்தை யோம் கிப்பூர் தீர்க்கும்; மனிதனுக்கு எதிரானதை அந்த மனிதன் ஆறுதலடையும்வரை தீர்க்காது என்கிறது மிஷ்னா. மைமோனிடெஸ் நடைமுறை சொல்கிறார். போய்க் கேள். மறுத்தால் நண்பர்கள் மூவரை அழைத்துப் போய்க் கேள். அப்படி மூன்று முறை கேட்டும் இறங்காவிட்டால் விட்டுவிடு; இனிப் பாவம் மறுத்தவன் மேல். புண்பட்டவர் உன் ஆசான் என்றால் ஆயிரம் முறையானாலும் போக வேண்டும். அவர் இறந்துவிட்டால்? பத்துப் பேரோடு அவர் கல்லறைக்குப் போய், அவர்கள் முன் “கடவுளுக்கும் இந்த மனிதருக்கும் எதிராகப் பாவம் செய்தேன்” என்று சொல்ல வேண்டும்.

துன்பத்தில் இருக்கும் நண்பனிடம் என்ன சொல்வது?

துக்க வீட்டில், அடக்கத்துக்குப் பிறகான முதல் உணவைத் துக்கப்படுபவர் தம்முடையதிலிருந்து உண்ணக்கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். ஏழு நாளும் ஆட்கள் வருவார்கள், ஆனால் அவர் பேசும்வரை வாய் திறக்கமாட்டார்கள். யோபுவின் நண்பர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. அவர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள்.

நோயாளியைப் பற்றிய கதையில் மறுபடி அதே யோஹனான். ரபி ஹிய்யா பர் அபா படுத்திருந்தார். யோஹனான் போய்க் கேட்டார்: “இந்தத் துன்பம் உனக்கு இனிதா?” “துன்பமும் வேண்டாம், அதற்கான பலனும் வேண்டாம்.” “கையைக் கொடு.” கொடுத்தார், எழுந்தார். வேறொரு முறை யோஹனானே படுத்துவிட்டார். ரபி ஹனினா வந்து அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைப் பெற்று, அதேபோல் “கையைக் கொடு” என்று எழுப்பினார். தல்மூத் குறுக்கிட்டுக் கேட்கிறது: யோஹனானுக்குத்தான் எழுப்பும் ஆற்றல் இருக்கிறதே, தன்னைத் தானே எழுப்பிக்கொண்டிருக்கலாமே? விடை: “சிறைப்பட்டவன் தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது.”

நெடுநாள் கழித்து நண்பரைச் சந்தித்தால் ஏதும் வழக்கம் உண்டா?

உண்டு, அதற்கென்றே வாழ்த்துரைகள் இருக்கின்றன. மிகவும் வேண்டிய நண்பரை முப்பது நாள் கழித்துப் பார்த்து மகிழ்ந்தால், “எங்களை வாழவைத்து, காத்து, இந்த வேளைக்குக் கொண்டுவந்தவர் போற்றி” என்று சொல்வார்கள். பன்னிரண்டு மாதம் ஆகிவிட்டால் வாழ்த்து மாறும். இடையில் ஒரு புத்தாண்டுத் தீர்ப்பு நாள் போயிருக்கும். யார் இருப்பார், யார் இறப்பார் என்று எழுதப்படும் நாள் அது. இடையில் கடிதம் வந்திருந்தால் இதைச் சொல்லலாமா என்றுகூடச் சட்ட அறிஞர்கள் வாதித்திருக்கிறார்கள். கடிதமும் வராமல், இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் ஓர் ஆண்டு கழிந்து, ஒருநாள் அவன் வாசலில் வந்து நின்றால், அவனைப் பார்த்தபடி சொல்ல வேண்டியது இதுதான்: “மரித்தோரை உயிர்ப்பிப்பவர் போற்றி.”